மணிக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு

தாராவி
3.7.2024

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாள் பூமாரி அவர்களுக்கு,

கீதாவின் ஆச்சி கோமதியம்மாள் எழுதுவது. மழைக்கு மேல்தகரம் ஒழுகுவதைத் தவிர இங்கே எங்களுக்கு ஒரு குறையுமில்லை. உங்களுக்குச் சளி பிடித்திருந்ததே, விட்டதா? சம்பந்தி திருவேங்கடம் அவர்களும் மாப்பிள்ளையும் சுகம்தானே?

முலுண்டுக்கு ரயிலேறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது, இந்தக் கிழவி ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நேரில் வந்தால் சாப்பிடாமல் அனுப்ப மாட்டீர்கள். கல்யாணம் முடியாமல் பையன் வீட்டில் கை நனைப்பது எங்கள் வழக்கத்தில் இல்லை. போன் என்றால் என் காதுக்கு நீங்கள் கத்த வேண்டும், நான் அதற்கு மேல் கத்துவேன், சந்து முழுக்க நம் வீட்டுப் பேச்சுத்தான் ஓடும். அஞ்சாம் வகுப்பு வரை படித்த எழுத்து கைவசம் இருக்கிறது. அது போதும்.

நிச்சயத்தன்று செருப்பு மாட்டும்போது, "மணிக்கூலிக்கு வீடு வீடாப் போற வேலை கல்யாணத்துக்கு அப்புறம் வேண்டாம் பெரியம்மா" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். கீதாவிடம் சொன்னேன். மோதிரத்தை விரலில் சுற்றிக்கொண்டே, "வேலைய வுடச் சொன்னா இதக் கழட்டி அவங்க கையிலயே குடுத்துருவேன் ஆச்சி. சும்மா மெரட்டுதேன்னு நெனைக்காத" என்றாள். தாயில்லாப் பிள்ளை, நான் வளர்த்தவள். சொன்னால் செய்வாள். நாலரை வருஷம் பிசியோதெரபி படித்து, பக்கவாதம் வந்தவர்களையும் இடுப்பெலும்பு முறிந்தவர்களையும் எழுப்பி நடக்க வைக்கிறாள். மணிக்கு அறுநூறு ரூபாய் கொடுக்கிறார்கள். அவள் அப்பன் சுடலைக்கண்ணன் கத்தரி பிடித்து வெட்டிய துணியெல்லாம் அந்தப் படிப்புக்குத்தான் போனது. நின்றுபோன நிச்சயத்தைச் சுமந்துகொண்டு இந்தச் சந்தில் என்னால் நடக்க முடியாது. நீங்கள் மனசு வைக்க வேண்டும்.

இன்னொன்று. மாப்பிள்ளைக்கு வருஷம் ஒன்பது லட்சத்து அறுபதாயிரம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். பக்கத்துக் கோலியில், அதாவது அடுத்த அறையில் இருக்கிற சகாயராணி, "அது மணிக்கு எவ்வளவு ஆச்சி?" என்று கேட்டுவிட்டாள். சட்டைக்கு நூல் வெட்டி டஜன் கணக்கில் கூலி வாங்கியவர்கள் நாங்கள். வருஷக்கணக்கு மண்டையில் ஏறாது. அவர் எத்தனை மணிக்குக் கிளம்புவார், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று இரண்டு வரி எழுதினால் அவளுக்குச் சொல்லுவேன்.

அன்புடன்,
கோமதியம்மாள்

*

முலுண்ட்
12.7.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பூமாரியின் வணக்கம். சளி போய்விட்டது, இருமல் மட்டும் பாக்கி. அண்ணாச்சியையும் கீதாவையும் கேட்டதாகச் சொல்லுங்கள். மழையில் வெளியே போகாதீர்கள், உங்கள் சந்துக் கல் வழுக்கும்.

உங்கள் பக்கத்து வீட்டம்மாவிடம் தாராளமாகச் சொல்லுங்கள். கணேசபாண்டியன் காலையில் ஏழரைக்குச் சாப்பாட்டு டப்பாவை வாங்கிக்கொண்டு இறங்கினால் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் படியேறுவான். சாப்பிட்ட கை காய்வதற்குள் அமெரிக்காவிலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள். இரண்டு மணி நேரமாவது பேசுவான், அதுவும் இங்கிலீஷில். சனிக்கிழமை லீவு என்று பேர்தான், அன்றைக்கும் இதே கதை. "அவன் இல்லேன்னா என் டீமே நிக்காது ஆன்ட்டி" என்று மேனேஜரே என்னிடம் சொன்னார். மணிக்கூலி ஆள்தான் கடிகாரம் பார்க்க வேண்டும். சம்பளக்காரனுக்கு ஏது கடிகாரம்?

இப்படி உழைக்கிறவனுக்கு வீட்டில் ஒருத்தி சோறு வைத்துக் காத்திருக்க வேண்டாமா பெரியம்மா? அதனால்தான் சொன்னேன். கீதா படித்த பெண், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வாள். ஊரார் கையையும் காலையும் பிடித்துவிடுகிற வேலை நம் குடும்பத்துக்கு எதற்கு?

இப்படிக்கு,
உங்கள் மகள் போன்ற பூமாரி

*

தாராவி
20.7.2024

சம்பந்தியம்மாள் அவர்களுக்கு,

கோமதியம்மாள் வணக்கம் சொல்லி எழுதுவது. இருமலுக்குச் சித்தரத்தையை இடித்துத் தேனில் குழைத்துச் சாப்பிடுங்கள். நாங்கள் சுகம்.

நீங்கள் எழுதியதை வைத்துக் கணக்குப் போட்டேன். கேலண்டர் தாளின் பின்பக்கத்தில் என் கையாலேயே போட்டேன், யாரிடமும் கேட்கவில்லை. ஒன்பது லட்சத்து அறுபதாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாசம் எண்பதாயிரம். ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை பதினாலு மணி நேரம், அமெரிக்காக்காரனுக்கு இரண்டு, ஆகப் பதினாறு. சனிக்கிழமையும் சேர்த்து மாசத்துக்கு இருபத்தாறு நாள். நானூற்றுப் பதினாறு மணி நேரம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய் வருகிறது.

எனக்கே நம்பிக்கை வராமல் திரும்பவும் போட்டேன். அதே நூற்றுத் தொண்ணூற்றிரண்டு. வரி, பிடித்தம் எதையும் நான் கழிக்கவில்லை, அதைக் கழித்தால் இன்னும் இறங்கும். வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

என் பேத்தி ஊரார் கையையும் காலையும் பிடித்து மணிக்கு அறுநூறு வாங்குகிறாள். பெரிய இடத்து வேலையைச் சின்ன இடத்து ஆள் குறை சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும். குறை சொல்லவில்லை. கணக்கைத்தான் எழுதினேன். சகாயராணியிடம் சொன்னபோது, "அறுநூறு எங்க கெடக்கு, நூத்தித் தொண்ணூத்திரண்டு எங்க கெடக்கு! யாரு வேலைய யாரு விடணும் ஆச்சி?" என்று சிரித்தாள். நான் அவளை அதட்டிவிட்டேன்.

மற்றபடி உங்கள் சௌகரியத்தை எழுதவும்.

கோமதியம்மாள்

*

முலுண்ட்
17.8.2024

தாராவி கோமதியம்மாள் அவர்களுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அங்கும் அப்படித்தான் இருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தேன். என் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார்கள். உடனே பதில் எழுதினால் வாயில் வரக் கூடாதது வரும் என்று இத்தனை நாள் பொறுத்தேன். அதற்குள் உங்கள் சந்தில் சிரித்த சிரிப்பு விக்ரோலியிலுள்ள என் தங்கை வீடுவரை வந்துவிட்டது. "ஒம்மவன் சம்பளம் மணிக்கு எரநூறு தேறாதாமே அக்கா?" என்று கேட்கிறாள்.

கணக்கு எனக்கும் வரும். நான் பத்தாவது.

உங்கள் பேத்திக்குக் காலையில் இரண்டு வீடு, சாயங்காலம் இரண்டு வீடு. நாலு அறுநூறு, இரண்டாயிரத்து நானூறு. ஆனால் அவள் எட்டு மணிக்கு இறங்கி ஏழு மணிக்குத் திரும்புகிறாள். பதினோரு மணி நேரம். நடுவில் ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை எங்கே இருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா? மாட்டுங்கா ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். தலைக்கு மேலே சுற்றாத ஒரு ஃபேன், பக்கத்தில் பிஸ்கட்டுக்கு வரும் ஒரு பூனை. கணேசபாண்டியன்தான் சொன்னான். அந்தப் பெஞ்சுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்? பதினோரு மணியால் வகுத்துப் பாருங்கள். இருநூற்றுப் பதினெட்டு வரும். ரயில் பாஸ், நோயாளி ஊருக்குப் போய்விட்ட நாள், ரயில் ஓடாத மழைநாள் எதையும் நான் கழிக்கவில்லை. வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

ஆக இருபத்தாறு ரூபாய் வித்தியாசம். இதற்கா இவ்வளவு பேச்சு?

என் நிபந்தனையில் மாற்றமில்லை.

பூமாரி

*

தாராவி
22.8.2024

சம்பந்தியம்மாள் அவர்களுக்கு,

நலம். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன்.

பெஞ்சு விஷயம் எனக்குத் தெரியாது. மதியம் எங்கேளா சாப்பிடுவே என்று கேட்டால், "ஃப்ரெண்ட் வீட்ல" என்பாள். நானும் நம்பி, அந்த ஃப்ரெண்டுக்கு இரண்டு தடவை முறுக்குகூடக் கொடுத்துவிட்டேன். அது யார் வயிற்றுக்குப் போனதோ!

உங்கள் கணக்கில் தப்பில்லை. அது என்னைக் குத்தினது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று. பகல் முழுக்க ஆபீசில் இருக்கிற பையனுக்கு அந்த ஃபேன் சுற்றாது என்பதும் பூனை வரும் என்பதும் எப்படித் தெரிந்தது? கீதாவிடம் கேட்டேன். "போன்ல சொல்லிருப்பேன், விடேன்" என்று தட்டைக் கழுவப் போய்விட்டாள். தட்டு ஏற்கனவே கழுவித்தான் இருந்தது.

கோமதியம்மாள்

*

முலுண்ட்
25.9.2024

கோமதியம்மாள் அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். வெயில் அடிக்க ஆரம்பித்திருக்கிறது, தகரத்தை இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல சேதி. பதில் எழுதத் தாமதமானதும் அதனால்தான், நிச்சயப்படுத்திக்கொண்டு எழுதலாம் என்று இருந்தேன். கணேசபாண்டியனை வேறு டீமுக்கு மாற்றிவிட்டார்களாம். இப்போது ஒன்பது மணிக்குத்தான் கிளம்புகிறான், ஆறு மணிக்கு டாண் என்று வந்துவிடுகிறான். அமெரிக்கா போன் இல்லை. சனி, ஞாயிறு லீவு. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்புகூடக் குறைந்திருக்கிறது. முந்தாநாள் எனக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தான் என்றால் பாருங்கள்! மாசம் பிறந்தால் பணத்தை வழக்கம்போல என் கணக்கில் போட்டுவிடுகிறான்.

இப்போது போடுங்கள் உங்கள் கணக்கை. ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், மாசத்துக்கு இருபத்திரண்டு நாள். மணிக்கு நானூற்று நாலு ரூபாய். உங்கள் பேத்திக்கு இருநூற்றுப் பதினெட்டு.

தை மாதம் முகூர்த்தம். செம்பூரில் மண்டபக்காரர் முன்பணம் கேட்கிறார். கீதா தீபாவளியோடு வேலையை விட்டுவிடுகிறாள் என்று உங்கள் கையால் எழுதி வந்தால்தான் கொடுப்பேன். இல்லையென்றால் அவரவர் வழியைப் பார்த்துக்கொள்ளலாம்.

பூமாரி

*

தாராவி
9.10.2024

அன்புள்ள மாப்பிள்ளை கணேசபாண்டியனுக்கு,

ஆச்சியின் ஆசீர்வாதம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பாயில் பிறந்த உங்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆகையால் கீதா கையில் கொடுத்து அனுப்புகிறேன், அவளே படித்துச் சொல்லட்டும். சொல்லும்போது எதையும் முழுங்கக் கூடாது, கேட்டியாளா கீதா?

நேற்று மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வந்திருந்தேன். மதியம் இரண்டு மணி இருக்கும். எதிர்ப் பிளாட்பாரத்தில் தூணை ஒட்டி நின்றேன். நீங்கள் ஆபீஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு, உங்கள் அம்மா கட்டிக் கொடுத்த டப்பாவைப் பிரித்தீர்கள். இரண்டு பேரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டீர்கள். பிறகு இவள் உங்கள் கழுத்தைப் பிடித்து, நோயாளிக்குச் செய்கிற மாதிரி மெல்ல மெல்லத் திருப்பினாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். ரயில் வந்து மறைத்தது. அது போன பிறகும் நீங்கள் அப்படியே இருந்தீர்கள். ஆபீஸ் இருக்கிற மனுஷன் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தவளை நிற்க வைத்துக் கேட்டேன். வேலை போய் இரண்டு மாசத்துக்கு மேல் ஆகிறது என்றாள். ஏன் என்றால், "அவன் சொல்லுவான்" என்கிறாள்.

உங்கள் அம்மா நானூற்று நாலு என்று எழுதிச் சந்தோஷப்படுகிறார்கள். நேற்று இதெல்லாம் தெரிந்த பிறகு அதைத் திரும்பப் படித்தேன், அரிசியை இரண்டு தடவை களைந்துவிட்டேன். தீபாவளிக்குள் நீங்கள் உங்கள் வாயால் அவர்களிடம் சொல்ல வேண்டும். மண்டபத்து ஆளோ விக்ரோலிச் சித்தியோ சொல்லித் தெரிந்தால் அந்த அம்மாள் முதலில் இந்தச் சம்பந்தத்தைத்தான் முறிப்பார்கள். அப்புறம் இந்த முரட்டுக் குட்டியை நான் யாருக்குக் கட்டிக் கொடுப்பேன்?

ஆச்சி

*

மாட்டுங்கா
14.10.2024

ஆச்சிக்கு வணக்கம். நல்லா இருக்கீங்களா? எனக்குத் தமிழ்ல எழுத வராது. நான் சொல்லச் சொல்ல கீதா எழுதுறா.

கம்பெனி என்னைத் தூக்கல ஆச்சி. நானே பேப்பர் போட்டேன். நீங்க எழுதின கணக்கை அம்மா சாப்பிடும்போது சத்தமா படிச்சாங்க. அப்பா எந்திரிச்சுட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆனா மறுநாள் ஆபீஸ்ல உக்காந்தா ஒவ்வொரு மணிக்கும் அந்த நம்பர்தான். ஒரு மீட்டிங் முடிஞ்சா, நூத்தித் தொண்ணூத்திரண்டு. லிஃப்ட்டுக்கு நின்னா அதுலயும் கொஞ்சம். ஞாயித்துக்கெழமை மேனேஜர் போன் பண்ணி, "ஸிர்ஃப் தோ கண்டா" அப்படின்னார். ரெண்டே மணி நேரம்தானாம். முன்னூத்தி எண்பத்தி நாலு ரூபாய்னு வாயில வந்துருச்சு. அவர் "க்யா?" ன்னார். திங்கக்கெழமை லெட்டர் குடுத்தேன். நோட்டீஸ்கூட வேண்டாம், இன்னைக்கே கெளம்புன்னுட்டாங்க. நான் இல்லேன்னா நிக்காதுன்னு சொன்ன டீம் நல்லாத்தான் நிக்குது.

அம்மாக்குக் குடுக்கிறது என் சேவிங்ஸ். டிசம்பர் வரை வரும். வேற எடத்துல இன்டர்வியூ போயிட்டுத்தான் இருக்கேன். எல்லாரும் வருஷத்துக்கு எவ்வளவுன்னுதான் பேசுறாங்க. எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போலாம்னு கேட்டா ஒரு மாதிரி பாக்குறாங்க.

அம்மாகிட்ட எப்படிச் சொல்றது? ஒன்பது அறுபதுன்னு பில்டிங் வாட்ச்மேன்கிட்டகூடச் சொல்லி வச்சிருக்காங்க.

கீதா எழுதுகிறேன்: ஆச்சி, இவன் தண்டவாளத்தையே பாத்துட்டு இருக்கான். ஃப்ரெண்ட் வீடுன்னு பொய் சொன்னதுக்கு ஸாரி. முறுக்கு நல்லாருந்துச்சுன்னு சொல்லச் சொல்லுறான். மோதிரத்தை நான் கழட்டப் போறதில்ல, யாரு என்ன சொன்னாலும் சரி. வேலையையும் விடப் போறதில்ல. ரெண்டையும் எப்படிச் சேத்து வைக்கணும்னு எனக்குத் தெரியல. நீ பாத்துக்க.

கணேசபாண்டியன், கீதா

*

தாராவி
16.10.2024

அன்புள்ள பூமாரிக்கு,

சம்பந்தியம்மாள் என்று எழுதாமல் பேரைச் சொல்லி எழுதுகிறேன், மகளுக்கு எழுதுவதுபோல நினைத்து. நாங்கள் சுகம். உங்கள் எல்லாருடைய சுகத்தையும் இன்று இரண்டு மடங்காக வேண்டிக்கொண்டேன்.

நீங்கள் எழுதிய நானூற்று நாலு சரி. நீங்கள் ஜெயித்தீர்கள். சகாயராணியிடமும் சொல்லிவிட்டேன். "ஆச்சி வாயிலருந்தா இது வருது?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஆனால் கீதா வேலையை விடுவாள் என்று மட்டும் எழுதித்தர முடியாது. எனக்குத் தெரிந்து நான் யாரிடமும் கையேந்தியதில்லை. புருஷன் செத்த மாசத்தில்கூட நூல் வெட்டக் கொடுத்த சேட்டிடம் முன்பணம் கேட்கவில்லை. இப்போது உங்களிடம் கேட்கிறேன். இந்தப் பிள்ளை வேலையோடேயே உங்கள் வீட்டுக்கு வரட்டும். காரணத்தை நான் சொல்லக் கூடாது.

தீபாவளிக்குள் மாப்பிள்ளை உங்களிடம் ஒரு விஷயம் சொல்லுவார். கேட்கும்போது கோபம் வரும். அவ்வளவையும் என்மேல் போடுங்கள். அதைச் செய்தது என் வாய்தான். பையனை மட்டும் ஒன்றும் சொல்லாதீர்கள்.

முன்பணத்தை நானே கட்டட்டுமா? காது வளையம் இருக்கிறது. பதில் எழுதுங்கள்.

கோமதியம்மாள்

*

தாராவி
4.11.2024

அன்புள்ள பூமாரிக்கு,

தீபாவளி முடிந்துவிட்டது. இனிப்புப் பெட்டி கொடுத்தனுப்பினோம். வாங்கிக்கொண்டீர்கள் என்று கேள்வி. வாங்கினவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால், கொண்டுபோன சுடலைக்கண்ணன், "கதவப் பாதிதாம் தெறந்தாக" என்கிறான். நீங்கள் எல்லாரும் நலமாக இருந்தால் சரி.

மாப்பிள்ளை சொல்லிவிட்டார் என்று கீதா சொன்னாள். தபால்காரன் சைக்கிளைப் பார்த்தால் எழுந்து போகிறேன், கரண்ட் பில்லைக் கொடுத்துவிட்டுப் போகிறான். முறிப்பதென்றால் முறித்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள். இப்படி வைத்திருக்காதீர்கள்.

கோமதியம்மாள்

*

முலுண்ட்
19.11.2024

பெரியம்மாவுக்கு,

பூமாரியின் நமஸ்காரம். எல்லாரும் இருக்கிறோம். வீட்டுக்காரருக்குப் பிரஷர் ஏறி இறங்கியது, இப்போது பரவாயில்லை. உங்கள் காது வளையம் உங்கள் காதிலேயே இருக்கட்டும்.

தீபாவளிக்கு முந்தின நாள் டப்பாவை நீட்டினேன். "இன்னைக்கு வேண்டாம்மா" என்று உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். இத்தனை மாசம் நான் கட்டிக் கொடுத்த டப்பாவை எங்கே வைத்துத் தின்றாய் என்றுதான் முதலில் கேட்டேன். அதற்கும் சொன்னான். உங்கள்மேல் வந்த ஆத்திரத்தில், கிளம்பி வந்து உங்கள் சந்தில் நின்று கத்துவதற்குப் புடவைகூட மாற்றிவிட்டேன். படி இறங்குவதற்குள் நான் எழுதிய கடிதம் ஞாபகம் வந்தது. கணக்கைப் போட்டது நீங்கள். ஏழரை, ஒன்பதரை, அமெரிக்கா, சனிக்கிழமை என்று மணி மணியாக எடுத்துக் கொடுத்தது நான். பெற்றவள் எனக்கு அதெல்லாம் பெருமையாகத்தான் தெரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கோபம் முழுக்கத் தீர்ந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கல்யாணப் பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்கார மாட்டேன், எதிரேதான் உட்காருவேன்.

மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. நேற்றுப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போனோம். எங்கள் பக்கம் மாப்பிள்ளை பேருக்குக் கீழே படிப்பும் கம்பெனியும் போடுவது வழக்கம். அச்சகத்துப் பையன், "கம்பெனி நேம் போலோ ஆன்ட்டி" என்று பேனாவோடு நிற்கிறான். இவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். கணேசபாண்டியன் வாசலில் போய் நின்றுகொண்டான். பழைய கம்பெனி பேரையே போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு, பி.இ. என்பதோடு நிறுத்து, கீழே வெறுமையாக விடு என்றேன். விக்ரோலித் தங்கை கேட்பாள். கேட்கட்டும்.

"லட்கி கா?" என்றான் அடுத்தது. பெண் பேருக்குக் கீழே இதுவரை எங்கள் வீட்டுப் பத்திரிகை எதிலும் ஒன்றும் போட்டதில்லை. இரு, கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அவள் படிப்பும் வேலையும் எப்படி எழுத வேண்டும் என்று அவளிடமே கேட்டு உடனே அனுப்புங்கள். ஒரு வரி விட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீளமாக இருந்தால் இரண்டு வரியாக்கிக்கொள்ளலாம்.

உங்கள் மகள்,
பூமாரி